சென் தெனிக்குப் போகாத ஞாயிறு

இஞ்சாருங்கோ,

தோசைமாவை மூன்று நாள் வெளியில் மறந்து வைத்துவிட்டேன். இன்று காலை மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு புளிப்பு மணம். நீங்கள் இருந்திருந்தால், "எறியாதையும், ஊத்தும். இஞ்சேரா வாசம் வருது" என்றிருப்பீர்கள். எத்தியோப்பியர்களின் அந்தப் புளித்த அப்பத்தை, "எங்கடை தோசைக்கு ஒண்டுவிட்ட அண்ணை" என்று லா சப்பலில் எங்கள் கடைக்கு வருகிற சனத்திடமெல்லாம் சொன்ன மனிதர் அல்லவா நீங்கள்.

அடிஸ் அபாபாவிலிருந்து எங்கள் மகளாக வந்தபோது ஹிருத்துக்கு நாலு வயது. பெயரை மாற்றக்கூடாது என்று நீங்கள்தான் ஒற்றைக்காலில் நின்றீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சென் தெனியில் ஒரு மண்டபத்தில் எத்தியோப்பியர்கள் கூடுவார்கள். அந்த நாட்டிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுத்த பிரெஞ்சுக் குடும்பங்களும் வரும். தமிழர் என்று நாங்கள் மட்டும்தான்.

முதல் நாளே நான் மானத்தை வாங்கினேன். சமையலை முன்னின்று பார்த்த அல்மாஸ் என்ற பெண்மணி, இஞ்சேராவில் இறைச்சிக் கறியைச் சுருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். விருந்தாளிக்கு ஊட்டிவிடுவது அவர்களின் மரியாதையாம். எனக்கென்ன தெரியும்? நாங்கள் சின்னப் பிள்ளைகளுக்கல்லவா ஊட்டுவோம். பிறத்தியாரின் கை என் வாய்க்குள்ளா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீட்டிய கை அப்படியே நின்றது. நீங்கள்தான் எட்டி, ஆவென்று வாயைத் திறந்து வாங்கி, கண்ணில் தண்ணீர் வர, "அம்மாடி, சோக்கான உறைப்பு!" என்றீர்கள். ஒன்றும் விளங்காமலே எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து அல்மாஸ் ஹிருத்துக்கு ஊட்டினார். வீட்டில் நான் சோற்றைக் குழைத்துக்கொண்டு பின்னால் திரிந்தாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்பவள், அங்கே வாங்கி வாங்கித் தின்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கார்ஜில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் வெடித்தேன்.

"இனி அங்கை போகத் தேவையில்லை. பிள்ளை எங்களோடை ஒட்டமாட்டாள்."

"ஒட்டுவாள். ஆனா நாங்கள் ரெண்டுபேரும் இல்லாத காலத்திலை அவளுக்கு ஆர் இருக்கினம்? நாலு சனம் வேணுமப்பா" என்றீர்கள்.

அவளுக்கு எட்டு வயதானபோது நடந்ததை உங்களிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. செப்டம்பரில் அவர்களின் புத்தாண்டு. வெள்ளைச் சட்டை போட்டு மற்றப் பிள்ளைகளோடு பாட, கிழமைக்கணக்காய்ப் பாடமாக்கியிருந்தாள். அதற்கு முந்தின நாள் மண்டபத்தில் பாடிப் பார்த்தபோது அல்மாஸை "அம்மா" என்று அவர்களின் பாஷையில் கூப்பிட்டாள். மரியாதைக்குக் கூப்பிடுவதுதான். ஆனால் எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. ஞாயிறு காலையில் நீங்கள் கடைக்குப் போனதும், "இண்டைக்கு ஒண்டும் இல்லையாம், போன் வந்தது" என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் அழவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உங்களுக்கும் அல்மாஸுக்கும் சொன்னேன். பின்னேரம் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் போன பிறகு வீடு நிறைய வந்தவர்கள் அந்த மண்டபத்துச் சனம்தான். மூன்று நாள் சட்டி சட்டியாய்ச் சாப்பாடு கொண்டுவந்து எங்களோடு இருந்தார்கள். ஹிருத் அல்மாஸின் மடியில் கிடந்து அழுதாள். அன்று எனக்கு வயிறு எரியவில்லை. நல்லகாலம், இவளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பொய் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது.

போன கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள், படட்டும் என்றிருந்தேன். அவள் பிரெஞ்சில், "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள். பிறகு தமிழில், அன்றிரவு நீங்கள் அவளிடம் சொன்னதை உங்கள் குரலைப் போலவே பேசிக் காட்டினாள்: "அம்மாவைக் கேளாதை ராசாத்தி. நீ போயிடுவாய் எண்டு அவவுக்குப் பயம். பயம் தெளியுமட்டும் நாங்கள் ரெண்டுபேரும் பொறுப்பம்."

பாவி மனுசன்! எட்டு வயதுப் பிள்ளையையும் கூட்டுச் சேர்த்து எனக்காக இவ்வளவு காலம் பொறுத்திருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே நான் போட்ட சோற்றைத் தின்றீர்கள், என் கறியில் உப்புக் கூட என்றும் சண்டை பிடித்தீர்கள், இதை மட்டும் கேட்கவில்லை. பயம் தெளிந்துவிட்டது, இஞ்சாருங்கோ. அதைச் சொல்லத்தான் நீங்கள் இல்லை.