ஏழு பேருக்கு ஒரு கோட்டு

என் வீட்டுக்காரிக்கு,

உன் தம்பி பேக்கரி வேலையை விட்டுட்டான்னு எழுதியிருக்கே. படிச்சதும் எனக்குச் சோறு இறங்கலை. ஓட்டல்ல சமையல் வேலை, விசாவும் அவங்களே எடுத்துத் தர்றாங்கன்னு ஏஜெண்ட் சொன்னா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நடுவீட்டுல மாட்டியிருக்கியே என் போட்டோ, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமா அடுப்புகிட்ட சிரிச்சுக்கிட்டு, அதைப் பாத்துத்தான் அவனுக்கு ஆசை வந்துச்சாமே. முதல்ல அதைக் கழட்டு.

விசாவுலதான் நான் சமையல்காரன். இங்கே எச்சில் தட்டு வழிக்கிறேன். எண்ணெய்க் கசடு தேங்குற தொட்டியில முழங்கை வரைக்கும் கையை விட்டு அள்ளுறேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் நாத்தம் போகலை. அந்தக் கையாலதான் சாப்பிடுறேன்.

விசா ஆபீசுக்குக் காட்டணும்னு மேனேஜர் எங்க ஏழு பேரையும் ஒவ்வொருத்தரா அடுப்பு முன்னால நிக்கவச்சுப் படம் எடுத்தான். கோட்டு ஒண்ணே ஒண்ணு. என் முறை வந்தப்ப மூணு பேர் வேர்வையில சொதசொதன்னு இருந்தது. ‘சிரி’ன்னான். சிரிச்சேன். தூ! அதைப் போய் உனக்கு அனுப்பினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.

இன்னிக்கு மேனேஜர் அந்தக் கோட்டை என் மேல வீசி, ‘துவைச்சு வை, புது ஆள் வர்றான்’னான். யாருன்னு கேட்டேன். காகிதத்தைப் பாத்துப் படிச்சான். உன் தம்பி பேரு.

துவைக்கலை. எண்ணெய்த் தொட்டிக்குள்ள போட்டு மூடிட்டேன். தெரிஞ்சா விசாவைப் பிடுங்கட்டும்.

பேக்கரி முதலாளி கையைக் காலைப் பிடிச்சாவது அவனைத் திரும்பச் சேரச் சொல்லு. அப்படியே எனக்கும் ஒரு வேலை இருக்கான்னு கேக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்