மேஜருக்கு ரப்பர் விரிப்பு

மே 9, 1943

மேஜர் இன்றும் கடையின் சிமெண்டுத் தரையில் வழுக்கி, நாலு காலும் நாலு திசைக்குப் போக, தவளை மாதிரி கிடந்தான். தூக்கி நிறுத்தினேன். நன்றி கிடையாது, உறுமல்தான். ரப்பர் தோட்டத்துத் துரை வளர்த்த நாய் அல்லவா. மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை சாராயப் புட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார். நாய்க்கு இடமில்லை. நான் பங்களாவுக்குப் போனது விட்டுப்போன சர்க்கரை மூட்டைக்காக. கிடைத்தது இவன்.

ஜப்பான் கணக்கில் இது 2603ஆம் வருஷம். எல்லாருக்கும் அறுநூற்றுச் சொச்சம் வயது கூடிவிட்டது. நாய் அதற்குத் தகுந்தபடி நடக்கிறது. இங்கிலீஷ்ப் பெயர் வம்பு என்று வெளியாட்களுக்கு 'மாரி' ஆக்கினோம். காது சுத்தமாகக் கேட்காததால் அவன் ஆட்சேபிக்கவில்லை.

மே 12

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முத்துக்குமாரு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் சுருக்கமாக முடிப்பவர். "உந்த நாயை இன்னும் என்னத்துக்கு வச்சிருக்கிறீர்? ஒரு வெடியோட முடிச்சுவிடும், காணும்."

"கிழடையெல்லாம் சுடணும்னா வரிசை நீளம், கிராணியாரே. நீங்களும் நானும் முன்னாடி நிப்போம்" என்றேன். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

அவர் போனதும் ரப்பர் பால் வெட்டுகிற நடராஜாவின் பெண்டாட்டி காளியம்மா. "நாய்க்கு நெத்திலித் தலை, எங்களுக்கு வெறும் மரவள்ளி. அடுத்த ஜென்மத்துல உங்க கடையில நாயாப் பொறக்கணும் மொதலாளி."

நடராஜா பக்கத்தில் நின்று சிரித்தான். "பொறந்தாலும் நீ என்னப் பாத்துத்தான் கொரைப்ப லா."

மே 13

நானா தர்மத்துக்குச் சோறு போடுகிறவன்? இது வியாபாரம்.

மேஜரின் வால் நுனியை ஒரு லாரி தின்றுவிட்டது. அன்று முதல் லாரி என்றால் ஆகாது. திருடன் வந்தால் மிச்ச வாலை ஆட்டுவான். ஆனால் லாரி அங்கே மரப்பாலத்தில் ஏறும்போதே இங்கே குரைப்பான். லாரி கடைமுனைக்கு வருவதற்குள் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஆண்கள் ரப்பர் மரங்களுக்குள் போய்விடுவார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆகவே நெத்திலித் தலை, காவல்காரனுக்குச் சம்பளம்.

கேளாத காதுக்கு லாரி மட்டும் எப்படிக் கேட்கிறது? "கெழடுங்களுக்கு வேண்டியது மட்டும் கேக்கும்" என்றாள் இராசாத்தி. கட்டிய புருஷன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மே 16

நல்ல யோசனை ஒன்று. பின்னறையில் வாங்க ஆளில்லாத ரப்பர் ஷீட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். விலை திரும்பும் என்று நான் வாங்கிப் போட்டது. திரும்புகிறபோது திரும்பட்டும். வாசலிலிருந்து கொல்லைவரை ஷீட்டை விரித்தேன். மூலையில் ஏழெட்டு ஷீட்டை அடுக்கிப் படுக்கை. நகத்தை வெட்டி, இடுப்புக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து, உப்பு மூட்டையால் ஒத்தடம் கொடுத்தேன். வயிற்றுக்கடியில் சாக்கைக் கோத்து, பின்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடித்தேன். நடந்தான். வழுக்கவே இல்லை. மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது.

"எனக்கு ஒரு பாய் வாங்கித் தர ஆறு மாசமா சொல்றேன்" என்றாள் இராசாத்தி.

மே 20

இன்று சாக்குத் துணையில்லாமல் நடந்து, நின்று, காலைத் தூக்கினான். வெகு நாளாக முடியாத காரியம். என் மரவள்ளி மாவு மூட்டைமேல்தான். திட்டவில்லை.

மே 24

லாரி வந்தது. மேஜர் குரைக்கவில்லை.

புகையிலை வாங்க வந்த லயத்து மணியம் கடைக்குள் மாட்டிக்கொண்டான். வாசலில் பூட்ஸ் சத்தம். அவனைப் படுக்கைக்குக் கீழே தள்ளி, மேலே ஷீட்டைப் போட்டு, அதன்மேல் நாயைக் கிடத்தினேன். மரவள்ளி தின்கிற உடம்பு, மேடுகூடத் தெரியவில்லை. சோல்ஜர் உள்ளே வந்து குனிந்து பார்த்தான். மேஜர் அந்த நேரம் பார்த்து ஒரு காற்று விட்டான். நெத்திலித் தலை வாசம். சோல்ஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டான். மணியத்துக்கு அந்த வசதி இல்லை.

இதை நாளை வேடிக்கையாகச் சொல்லலாம். இன்று முடியவில்லை. லயத்தில் இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருவன் புதிதாக வந்த பையன். இன்னொருவன் நடராஜா.

மே 25

காளியம்மா வாசலில் நின்றாள். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நாய் கொரைக்கலன்னுதான் அவரு உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் குரைக்கவில்லை? கிழடு தட்டியதா? ஐந்து நாள் முன்னால் காலைத் தூக்கினவனுக்கா?

மத்தியானம் எருமை வண்டி ஒன்று பாலத்தில் ஏறியது. ஏதோ தோன்றி நாயின் பக்கத்தில் குப்புறப் படுத்து ஷீட்டில் கன்னத்தை வைத்தேன். ஒன்றுமில்லை. தள்ளி வெறும் சிமெண்டில் வைத்தேன். பாலத்துப் பலகை என் பல்லில் கடகடத்தது.

அட பாவி. அவன் காதால் கேட்கவே இல்லை. தாடையைத் தரையில் போட்டுக் கிடந்தானே, அதால்தான் கேட்டிருக்கிறான். நான் மெத்தை போட்டு அடைத்துவிட்டேன்.

"சயாம் பயத்துல மூள கலங்கிருச்சு. எந்திரிங்க, ஆளு பாக்குது" என்றாள் இராசாத்தி.

மே 26

மணியம் சொல்கிறான்: "எல்லாத்தையும் உருவிப் போடுங்கண்ணே. நாய்க் காலா, மனுஷ உசிரா?"

நியாயம்தான். உருவினேன். மேஜர் எழுந்தான், வழுக்கினான், இடுப்பு அடிபட விழுந்தான். அப்புறம் எழ முயலவே இல்லை. கிடந்த இடத்திலேயே ஒன்றுக்கிருந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான். துரை வளர்த்தது, மானஸ்தன்.

இரண்டும் வேண்டும் எனக்கு. வியாபாரிக்கு ஒன்றை விட்டு ஒன்று என்ன பழக்கம்?

மறுபடி விரித்தேன். கனத்த படுக்கையை எடுத்து ஒற்றை ஷீட்டு ஆக்கினேன். தலைமாட்டில் ஷீட்டைத் தட்டு அளவுக்கு வெட்டி எடுத்தேன். அந்த வெறும் சிமெண்டில் நெத்திலியைத் தேய்த்தேன். நக்கினான், நக்கினான், தாடையை அங்கேயே போட்டுத் தூங்கிவிட்டான். இடுப்பு ரப்பரில், தாடை சிமெண்டில்.

ஜூன் 2

குரைத்தான். லாரி வந்து வெறும் லயத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

ஜூன் 3

மணியம் ஒரு முட்டை கொண்டுவந்தான், எனக்கில்லை. கிராணியாரும் வந்தார். "நாய் சுகமோ?" என்று கேட்டார். வெடி எங்கே என்று நான் கேட்கவில்லை. கையில் மீன் வைத்திருந்தார்.

மார்ச் 1944

தாள் கிடைப்பதில்லை. சுருக்கம்: நாய் இருக்கிறது. இராசாத்திக்குப் பாய் வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 18, 1945

ஜப்பான்காரன் போயாயிற்று; பினாங்கிலிருந்து ரப்பர் வாங்க ஆள் வந்துவிட்டது. பின்னறைச் சரக்கெல்லாம் போயிற்று. தரையில் கிடப்பதைப் பார்த்து, "இதுல ஓட்டை போட்டது எவன்?" என்றார். அது விற்பதற்கில்லை, ஆள் குடியிருக்கிறது என்றேன்.

இப்போது வருகிற லாரிகள் சயாமிலிருந்து ஆட்களைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. புதிதாக வந்த அந்தப் பையன் போன வாரம் இறங்கினான், எலும்பும் தோலுமாக. நடராஜாவை வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்களாம். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் காளியம்மா நேரே இங்கே வந்துவிடுகிறாள். மேஜரின் இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கிறாள். ஒத்தடமும் அவள்தான். தேய்த்து முடித்ததும் வெட்டிய இடத்தில், அவன் தாடைக்குப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் குரைத்தால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறாள்.

நாய்க்கு ஒரு சுற்றுச் சதை போட்டுவிட்டது. நெத்திலி தீர்ந்துவிட்டது; நாளை கடற்கரைக்கு, கோத்தா கோலா மூடாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.