டேரல் கட்டிய தோரணம்

1987 ஏப்ரல் 13, திங்கள்

இன்று மதியம் கல்லூரி விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் கை தூக்கினேன். ஆசிரியர்கள் சார்பில் என்னை அதில் போட்டதற்கு ஒரே காரணம், எனக்குக் கூடைப்பந்து தெரியாது, ஆகவே நடுநிலையானவன்.

மாற்று ஆட்டக்காரர்கள் சரியில்லை, உயரமான புதுப் பையன் ஒருவன் வேண்டும் என்றார் கோச். கொடுக்க உதவித்தொகை மிச்சமில்லை. எப்போதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் டேரலுடையதைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒன்று கிடைக்கும். அது போனால் அவன் படிப்பும் போகும். என் வகுப்பு மாணவன்; எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையது கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது. அதை மனசாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோச் அவனிடம் சொல்வார். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் டேரல். நாளை வருஷப்பிறப்பு. தோரணம் கட்ட நானே அவனைக் கூப்பிட்டிருந்தேன், மறந்துவிட்டேன். டெக்சஸில் மாவிலைக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து வந்த பிளாஸ்டிக் இலைகளைக் கையை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி இருக்கறப்போ நமக்கு ஏணி எதுக்குங்க?” என்றாள் என் மனைவி கமலா. அவனை உட்காரவைத்து தோசை போட்டாள். “நெக்ஸ்ட் இயர் ஆல்சோ யூ மஸ்ட் கம், தம்பி!”

“ஷ்யூர், ஆன்ட்டி!” என்றான். பட்டம் வாங்கும்வரை அவன் எங்கும் போவதாக இல்லையாம். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சட்னி காரம், பார்த்துச் சாப்பிடு என்று மட்டும் எச்சரித்தேன்.