உனக்கென்று எடுத்து வைத்த முதல் வாய்

எந்த பஸ்ஸில் ஏறினாலும் எனக்கும் சேர்த்து ஜன்னல் சீட்டுப் பிடிக்கும் என் யோகாவுக்கு,

என் மகள் மித்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் கண் மூடவில்லை. இதை உனக்கு மட்டும் மனதுக்குள் சொல்லிவிட்டுப் படுத்தால் எனக்கு வசதியாகப் போய்விடும். அதனால்தான் நாலு பேர் கண்ணில் படும்படி எழுதுகிறேன்.

இன்றைக்கு நுவரெலியாவுக்குப் போனோம். ஏரிக்கரையில் பல நாட்டுத் தெருச் சாப்பாட்டுக் கடைகள் போட்டிருக்கிறார்கள். நாளைக்கும் உண்டு. உன் தர்ஷியையும் கூட்டிப் போகட்டுமா என்று உன் வீட்டுக்காரர் மோகன் அண்ணாவிடம் கேட்டேன். "அவ அம்மா இருந்திருந்தா மொத ஆளா நின்னிருப்பா. கூட்டிட்டுப் போ தங்கச்சி" என்றார்.

நின்றிருப்பாய்தான். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, லயத்து வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு, கொரியாக்காரி நூடில்ஸ் உறிஞ்சுவதைப் போனில் பார்த்தவள்தானே நீ? "ஏன்டி டீச்சர், அந்தக் குச்சியால ஒரு நாளைக்குச் சாப்பிட்டுப் பாக்கணும்டி. கொழுந்து கிள்ளுற வெரலுக்கு அதெல்லாம் ஒரு வேலையா?" என்பாய். அடுத்த சீசனுக்கு நுவரெலியாவுக்குப் போவோம் என்றேன். சீசன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீதான் வரவில்லை.

பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். ஜப்பான் கடையில் நின்றவர் பதுளைக்காரர். மெக்சிகோ ரொட்டி சுட்ட அக்காவுக்குக் கண்டி. பனிக்குள்ளே மிளகாய்ப் புகை. நான் எப்போதும் போல ஒரு கையில் கை கழுவும் மருந்து, மறு கையில் மித்து. இது வெந்ததா, அது யார் தொட்டது, தண்ணீர்ப் போத்தல் எங்கே? "நீ புள்ள வளக்குறியா, ஊறுகா போட்டு வைக்கிறியா?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. அப்படியும் விடவில்லை நான்.

கண்டி அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "தூலா தென்னம லஸ்ஸனய்" என்றார். மகள்கள் இரண்டு பேரும் அழகு என்று சிங்களத்தில் சொல்கிறார். என் பிள்ளை ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. தர்ஷியும் சொல்லவில்லை, என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் இடத்தில் நின்று சந்தோஷப்பட்டதற்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் பெரியது ஒன்று நடந்துவிட்டது.

தர்ஷி பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். எதை வாங்கிக் கொடுத்தாலும், வாயில் வைக்கும் முன் ஒரு துண்டை எடுத்து அதற்குள் போட்டாள். நூடில்ஸில் ஒரு சுருள். கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வெந்த ஒன்று. ஒரு பொரித்த இறால். பிடிக்காததை ஒளிக்கிறாள், பிறகு ஊசிப்போனதை எடுத்துத் தின்பாள் என்றுதான் எனக்குப் புத்தி போனது.

"ஏன் தர்ஷி ஒளிச்சு ஒளிச்சு வைக்கிற? வீட்டுல சோறே போடாத மாதிரி! ஆறிப்போனா வயித்தால போகும்."

"இல்ல சின்னம்மா, அது வந்து..."

முடிக்க விட்டேனா? பெட்டியைப் பிடுங்கி, இறாலை மித்துவின் வாயில் வைத்தேன். மிச்சத்தை நானே தின்று தீர்த்தேன். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் அழவில்லை. வெறும் பெட்டியை வாங்கி, மூடியை அழுத்தி மூடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருசம் திரும்பும்வரை உன் வீட்டில் எதைச் சமைத்தாலும், முதல் பங்கு உன் படத்துக்கு முன்னால் போன பிறகுதானே மற்றவர்களுக்கு? யார் வாயும் படாத பங்கு. அதற்கு எத்தனை தடவை நானே இலை நறுக்கிக் கொடுத்திருக்கிறேன்! அதை எச்சிலாக்கியதும் நானேதான், யோகா.

"வா தர்ஷி, வேற வாங்குவோம்."

"வேணாம் சின்னம்மா. பஸ் போயிரும்."

மித்துவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். என் விரல் அவளுக்குத் தேவைப்படவில்லை. லிந்துலை தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் வீட்டு வாசலில் மோகன் அண்ணா நின்றார். "அம்மாவுக்கு என்னடா எடுத்தாந்த?"

தர்ஷி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "எல்லாம் ஒரே காரம்ப்பா. அம்மாவுக்கு ஒத்துக்காதுன்னு எடுக்கல."

"ஒங்கம்மாவுக்கா? பச்சக் கொச்சிக்காயக் கடிச்சுக்கிட்டே சோறு திங்கிறவளுக்கா?" அவர் சிரித்துவிட்டார்.

தர்ஷி சட்டைப் பைக்குள் கையை விட்டு, காகித உறை கிழியாத ஒரு சோடிக் குச்சியை எடுத்தாள். உன் படத்துக்கு முன்னால் நேராக வைத்தாள். "இத யாரும் தொடலப்பா" என்றாள்.

அப்பாவிடம் சொன்னாள். ஆனால் எனக்குக் கேட்டது.

உன் சின்னஞ்சிறு மகள் எனக்காகப் பொய் சொன்னாள். அதை வாங்கிக்கொண்டு, "வாரேன் அண்ணா" என்று நான் வந்துவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெற்றவளை விட்டுக்கொடுக்காத மகள் மாதிரி என்னைக் காப்பாற்றினாளா? இல்லை, அடுத்த வீட்டு மனுஷியிடம் நடந்துகொள்கிற மரியாதையா? அதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

விடிந்ததும் உன் வாசலுக்கு வருவேன். தர்ஷி பக்கத்தில் நிற்க, நடந்ததை அண்ணாவிடம் நானே சொல்வேன். அவள் வர சம்மதித்தால் முதல் பஸ்ஸுக்கே போவோம்; பெட்டி அவள் மடியில்தான் இருக்கும். வரமாட்டேன் என்றால், பெட்டியைத் தரச் சொல்லிக் கேட்டு, நான் தனியாகப் போய் வருவேன். எதைப் போட வேண்டும் என்று அவள் சொல்லட்டும். உன் குச்சிக்கு நூடில்ஸ் வந்து சேரும்வரை என் வாயில் ஒன்றும் படாது.

தர்ஷி மறுபடி என் விரலைப் பிடிக்கக் காத்திருக்கும்,
அவளுடைய சின்னம்மா,
சாந்தி