கதிரை எழும்பிய நாள்

என்றென்றும் என் குணமண்ணைக்கு, போன இடத்தில் தேத்தண்ணிக்குச் சீனி அளவாய்ப் போடுகிறார்களோ என்று தினமும் யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி எழுதுவது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. திவசத்துக்கு அச்சடிக்கும் மலரில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அதோடு, நீங்கள் என்னிடம் விட்டுப்போன அலுவல் ஒன்று இருந்ததல்லவா? அது முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று இப்போதே கேட்பீர்கள். முடிவை முதலே கேட்டுக் கதையைக் கெடுக்கிற பழக்கம் உங்களுடையது. நான் வரிசையாகத்தான் சொல்லுவேன்.

மலரை வாசிக்கிறவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டன் டூட்டிங்கில் அகதி வழக்குப் பார்க்கிற தமிழ் லோயர், சொலிசிற்றர், ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாங்கள் இரண்டு பேரும் வைத்த பெயர் கதிரை. சொந்தப் பெயரை எழுதமாட்டேன். பயத்தால் அல்ல. எழுதினால் என்ன ஆகும் என்று மகள் ஆரணி எனக்குச் சட்டம் சொல்லிவிட்டாள்.

கதிரை என்று ஏன் வைத்தோம்? அந்த மனிதர் ஆர் வந்தாலும் இருக்கிற கதிரையை விட்டு எழும்பமாட்டார். வயது போனவர்கள் வந்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தாலும், பேனையால் எதிர்ப்பக்கத்தைக் காட்டுவார். இரு என்று அர்த்தம். போகும்போது அதே பேனை கதவைக் காட்டும்.

உங்கள் அகதி வழக்கு அவரிடம்தான் இருந்தது. முதல் விசாரணையில் "தம்பியோட வந்தனான்" என்று சொன்னீர்கள். என்னைத்தான் சொன்னீர்கள். மொழிபெயர்த்தவர் கூடப் பிறந்த தம்பி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டார். பிறகு குடும்ப விபரம் கேட்டபோது, அக்காமார் மட்டும்தான், ஆண் சகோதரம் இல்லை என்றீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் கடதாசியில் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டு இருந்தன. நீதிபதி அதைத் தூக்கிப் பிடித்துக் கேட்டபோதுதான் கதிரை அந்தப் பக்கத்தையே முதன்முதலாய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார், நீங்கள் ஏதோ அவருக்குக் குழி வெட்டியதுபோல.

வழக்குத் தோற்றது. நீங்கள் சொன்ன எதையும் நம்ப ஏலாது என்று எழுதினார்கள். கடைசியில் விசா கிடைத்தது, ஓம். ஆனால் அதற்கு முதல் ஊரில் உங்கள் அம்மா இறந்தார், விசா இல்லாமல் நீங்கள் போக ஏலவில்லை. நீங்கள் தங்கியிருந்த எங்கள் வீட்டு மேல் அறையில், பட்டப்பகலில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் தேத்தண்ணியோடு வாசலில் நின்றேன். அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

"வரதன், அந்தாளை ஒருக்கா எழுப்பவேணும். எனக்காக அந்தாள் எழும்பி நிக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அடிக்கச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழுப்புவது எப்படி? நான் ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தவன், இரண்டு தரமும் கணக்கு என்னை எடுத்துவிட்டது. டூட்டிங்குக்குப் பக்கத்தில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு மூலைக்கடை நடத்துகிறவன் சொன்னால் சொலிசிற்றர் எழும்புவாரா?

சரி, வீட்டில் நடந்த புதினத்துக்கு வருகிறேன். ஆரணி சட்டம் படித்து முடித்தாளல்லவா? படிப்பு முடிந்தால் லோயர் என்று நானும் நீங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். இல்லையாம். கோடைக்கு இரண்டு கிழமை ஓர் அலுவலகத்தில் பழகுவதற்கே விண்ணப்பம், கொம்பியூட்டர் சோதனை, வீடியோ இன்ரர்வியூ எல்லாம் உண்டு. அப்படிப் பழகினால்தான் பிறகு ட்ரெயினியாக எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். இரண்டு வருடம் ட்ரெயினியாக இருந்த பிறகுதான் சொலிசிற்றர். கல்யாணம் பேசுவதுகூட இதைவிடச் சுலபம்.

வீடியோ இன்ரர்வியூ உங்கள் அறையில்தான் நடக்கும். வைஃபை அங்கேதான் நன்றாக எடுக்கும். மேலே கோட்டு, கீழே பிஜாமா. அந்த நேரம் வீட்டில் குக்கர் விசிலடிக்கக்கூடாது, நான் தும்மக்கூடாது. பதில் மட்டும் எல்லா இடத்திலிருந்தும் ஒரே சொல்லோடு வரும், அன்ஃபோர்ச்சுனேற்லி, துரதிர்ஷ்டவசமாக உமக்கு இடமில்லை என்று. கடைக்குப் பின்னால் குப்பை கிளற வருகிற நரிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டேன். அதுவும் கூப்பிடாமலே வரும்.

அவளைப் பழக்குவதற்கு நான் இன்ரர்வியூ செய்கிறவனாக இருந்தேன். சிரிக்காதேங்கோ. கல்லாவுக்குப் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்து, "வை டூ யூ வோண்ட் அவர் ஃபாம்?" என்று கேட்டேன்.

"அப்பா, நீங்கள் கேக்கிறது பண்ணை. மாடு நிக்கிற இடம். அலுவலகம் எண்டா ஃபேர்ம் எண்டு சொல்லுங்கோ."

"உன்னை வாட்டுற வாட்டில எனக்கு அது பண்ணைதான். மறுமொழியைச் சொல்லு."

சொலிசிற்றராக வர ஏன் விருப்பம் என்று ஒரு கேள்வி எல்லா விண்ணப்பத்திலும் வரும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். "பெரியப்பான்ர கதையை எழுதன். அந்தக் கதிரையின்ர பேரையும் போடு" என்றேன்.

"எழுதமாட்டன். அது அவற்ர கதை. ஆயிரம் பேற்ர குவியலுக்க நான் அதைப் போடமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது, அண்ணை. கையில் கத்தியைக் கொடுத்தால் பழம் வெட்டுகிற பிள்ளையாக இருக்கிறாளே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைக் கேட்டால் நீங்கள் என் வீட்டை விட்டே போயிருப்பீர்கள். ஓர் இடமும் கிடைக்காமல், கோடைக்குக் கதிரையின் அலுவலகத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

"சி.வி.யில ஒரு வரி வேணும் அப்பா. வரிக்கு ரோசம் இல்லை."

"எனக்கு இருக்கு."

"அப்ப நீங்கள் அனுப்பாதேங்கோ சி.வி."

காலையில் நான்தான் கொண்டுபோய் இறக்குவேன். கண்ணாடிக்குள்ளே அதே மனிதர், அதே கதிரை. தோல் மட்டும் புதிது. சோடா போத்தில் ஒன்றால் எறிந்தால் சரியாகப் படும் என்று தூரம் பார்த்து வைத்திருந்தேன்.

ஒருநாள் வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மாவின் வாக்குமூலத்தை அங்கே எழுதிக்கொண்டிருந்தார்களாம். "தம்பிதான் வவுனியா வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தவர்" என்றாராம் அந்த அம்மா. எழுதுகிறவர் கூடப் பிறந்த தம்பி என்று தட்டிவிட்டார். மூலையில் இருந்த ஆரணி வாய் திறந்தாள்.

"அம்மா, அவர் கூடப் பிறந்த தம்பியோ, கூப்பிடுற தம்பியோ?"

"கூப்பிடுற தம்பி, பிள்ளை. ஓட்டோக்காரன்."

திருத்தினார்கள். கதிரைக்குப் பிடிக்கவில்லை. "இப்பிடி ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பாத்துக்கொண்டிருந்தா ஒரு கேசும் முடியாது, பிள்ளை" என்றாராம். அவள் இதை வீட்டில் வந்து சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் மேலே போய் உங்கள் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு கேள்விதானே, அண்ணை. அதைக் கேட்க அன்றைக்கு ஒரு மனிதர் இல்லாமல் போனது ஏன்?

கோடை முழுக்க, ட்ரெயினி இடம் ஒன்று இருக்கிறது, பார்ப்போம், பார்ப்போம் என்று சொல்லிவந்த கதிரை, கடைசி நாளில் அதைத் தன் மனைவியின் தமையனுடைய மகனுக்குக் கொடுத்துவிட்டார். இவளிடம், "உமக்குப் பள்ளிக்கூட ரீச்சிங் நல்லாயிருக்கும். லோயர் வேலைக்குக் கொஞ்சம் கெட்டித்தனம் வேணும்" என்று சொல்லி, பேனையால் கதவைக் காட்டினாராம். அந்தக் கதிரையின் கால் நாலையும் அரிய எனக்கு ஆசை. என் கடையில் வாள் விற்பதில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

இலையுதிர் காலத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பெரிய அலுவலகம் ட்ரெயினி இடத்துக்கான இன்ரர்வியூவுக்கு அவளை நேரே கூப்பிட்டது. சின்னப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்த அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லாமல் ஓட்டோக்காரத் தம்பியைச் சொன்னாள். உங்கள் கதையைத் தொடவில்லை. தமிழில் எத்தனை விதமான தம்பி இருக்கிறார்கள் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டாராம். "எண்ணி முடியாது, பஸ்ஸில் வழியை மறித்து நிற்கிறவரையும் நாங்கள் தம்பி என்போம்" என்றாளாம் இவள்.

சில நாள் கழித்துக் கடைக்குள் வந்து நின்றாள். நான் பால் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கிடைச்சிட்டுது."

"என்ன?"

"பண்ணை."

நான் தொடர்ந்து பால் அடுக்கினேன். பின்னால் வைக்கவேண்டியதை முன்னாலும் முன்னால் வைக்கவேண்டியதைப் பின்னாலும் வைத்தேன் என்று பிறகு என் மனுசி திட்டினாள்.

இன்னொன்று கேளுங்கோ. ட்ரெயினி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறவேண்டுமாம். ஒவ்வொரு பிரிவுக்கும் அங்கே என்ன பெயர் தெரியுமா? சீற், அதாவது இருக்கை. நாலு சீற் மாறி மாறி இருந்தால்தான் சொலிசிற்றர். ஒரே கதிரையில் ஒட்டிக்கொண்டிருக்க விடமாட்டார்கள். அதைக் கேட்டபோது மேல் அறையிலிருந்து உங்கள் இருமல் சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது.

இனி நம்முடைய அலுவல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினர் கதிரை என்று முடிவானது. நான் குழுவில் இருக்கிறேன், தேத்தண்ணிப் பொறுப்பு. இது கடவுள் தந்த சந்தர்ப்பம் என்று, ஆரணியைக் கௌரவிக்கவேண்டும், பிரதம விருந்தினரே பொன்னாடை போர்த்தவேண்டும் என்று கூட்டத்தில் விடாப்பிடியாக நின்றேன். என் மகளுக்கு நானே மரியாதை கேட்கிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பொன்னாடை போர்த்துகிறவர் எழும்பத்தானே வேண்டும்?

எழும்பவில்லை, அண்ணை. "முழங்கால் கொஞ்சம் நோகுது" என்றார். முன்வரிசைக் கதிரையில் இருந்தபடியே பொன்னாடையை விரித்தார். ஆரணி குனிந்தாள். என் பிள்ளை அந்த மனிதர் முன்னால் குனிந்ததை நான் தேத்தண்ணி மேசையில் நின்று பார்த்தேன். கையில் இருந்த கரண்டி வளைந்துவிட்டது. இரும்பு என்று விற்கிறார்கள், தகரம்.

பிறகு அவளை இரண்டு சொல் பேசச் சொன்னார்கள். மைக்குக்கு முன்னால் நின்று, பொன்னாடையை மடித்துக் கையில் எடுத்தாள்.

"இஞ்ச நீங்கள் இருக்கிற கதிரையளை இவ்வளவு காலமும் ஒவ்வொரு விழாவுக்கும் அடுக்கினவர் என்ர பெரியப்பா, குணரத்தினம். போன வருசம் செத்துப்போனார். அவர் இந்த நாட்டுக்கு ஒரு தம்பியோட வந்தவர். கூடப் பிறந்த தம்பி இல்லை, கூப்பிடுற தம்பி. அந்த வித்தியாசத்தை அவரிட்டைக் கேக்கவேண்டிய ஆக்கள் கேக்கேல்லை. அவருக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எழும்பி நிப்பம்."

மண்டபம் முழுக்கக் கதிரைகள் அரைபட்டன. பிள்ளைகள் எழும்பினார்கள், அம்மாமார் எழும்பினார்கள், கைத்தடியோடு வந்த கிழவர் எழும்பினார். ஒருவர் மட்டும் இருந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஆட்களின் இடுப்புத்தான் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற பள்ளி அதிபர், மரியாதையாக, கை கொடுத்தார்.

எழும்பினார், அண்ணை. நேராக நின்றார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நிமிடம் என்றுதான் சொன்னாள். ஆனால் லோயர்மாரின் நிமிடம் நீளமானது போலிருக்கிறது. நன்றி என்று அவள் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் இருக்கலாம். சொல்கிறாள் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கெட்டித்தனம் வேண்டும் என்றவர் தலையைத் தூக்கினார். பிறகு மெல்லத் திரும்பி என்னைத் தேடிப் பிடித்தார். நான் சிரித்தேன். மௌன அஞ்சலியில் சிரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பால் பொங்கி மேசையில் வழிந்தது. வழியட்டும் என்று விட்டேன்.

விழா முடியுமுன் தேத்தண்ணி எடுக்க வந்தார். "நீர்தான் அந்தத் தம்பியோ?" என்றார்.

"ஓம் சேர். கூப்பிடுற தம்பி. சீனி எவ்வளவு?"

 அவருக்கு உங்கள் நினைவு வந்ததோ, அலுவலகத்தில் ஆரணி கேட்ட கேள்விதான் நினைவு வந்ததோ, எனக்குத் தெரியாது. கோப்பையோடு அவர் திரும்பிப் போனபோது முன்வரிசையில் அவருடைய கதிரை இல்லை. பிள்ளைகளின் நடனத்துக்கு இடம் போதாது என்று ஆரோ எடுத்துப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். ஆர் என்று கேட்காதேங்கோ. எனக்கு இன்னும் இடுப்பு நாரி பிடித்தபடி இருக்கிறது.

மனம் ஆறிவிட்டதா என்று கேட்பீர்கள். நல்ல சந்தோசம். அன்றிரவு இரண்டு பங்கு சோறு சாப்பிட்டேன். ஆனால் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பகலுக்கு ஒரு நிமிடம் காணுமா? காணாது. ஆகவே ஒரு வாக்குத் தருகிறேன்.

அடுத்த வருடமும் கதிரைதான் பிரதம விருந்தினர். அதற்கடுத்த வருடமும். குழுவில் நான் உயிரோடு இருக்கும்வரை வேறு பெயர் போகாது. முன்வரிசையில் நல்ல பஞ்சு வைத்த கதிரையாக நானே பார்த்துப் போடுவேன். அவர் சாய்ந்து, காலை நீட்டி, சுகமாக இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் பெயரைச் சொல்லி எல்லாரையும் எழும்பச் சொல்வோம். மகள் ஆரணியோ, அவளிடம் ஆர் வந்தாலும் எழும்பித்தான் வரவேற்பாள். மறந்தால், நானே ஒரு கேசோடு போய் முன்னால் நிற்பேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு எழுதியபடியே, அதில் ஓர் எழுத்தும் திருத்தத் தேவையில்லாத
உங்கள் தம்பி
வரதன்