தைலப் புட்டி

ஆரணி,
12.5.2004

யமுனா அப்பாவுக்கு,

நீங்கள் நூல் வாங்கப் பெங்களூர் போன மறுநாள், உங்கள் கூட்டாளி சார்லியின் மனைவி தைலத்தோடு வந்தாள். "நேபாளத்துக்கு எல்லாரும் ஜோடியா போறோம், மூட்டுவலியால நீங்க மட்டும் வரலன்னு அண்ணன் சொல்லிகினு இருந்தாரே! கால் எப்டி கீதுக்கா?"

எந்தக் கால்? தினமும் பத்து மணி நேரம் தறி மிதிக்கிறதே, அதுவா? நான் வந்தால் தறி நின்றுவிடும் என்று என்னிடமே சொல்லியிருக்கலாம். என் காலுக்கு வியாதி வைக்க நீங்கள் யார்?

உங்கள் இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வருவதற்குள் ரயில் கிளம்பியிருக்கும். தறி நிற்கக் கூடாதல்லவா? முந்தானை பாக்கி இருக்கிறது, உட்கார்ந்து மிதியுங்கள். தைலத்தைத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மலையேறப் போகிற மூட்டுவலிக்காரி