ஓடும் நிலையில்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே அப்பா, அக்கா, நான் மூவரும் சௌக்கியம், இந்த வரியை எழுதும் நேரம் வரைக்கும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், நீ கத்தினால் அப்பாவின் பிடிவாதம் ஒரு முழம் கூடும். அதனால் எழுதுகிறேன். இருமல் விட்டதா? ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்காதே.

கார் வாங்கிய சேதி உனக்குத் தெரியும். போட்டோ அனுப்பினோமே, வெள்ளை வண்டி, அக்கா பானெட்டில் சாய்ந்துகொண்டு சினிமாக்காரி மாதிரி நிற்கிறாள். அவளுக்கு மலையூரில் வேலை, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கை கால் பயிற்சி கொடுக்க வேண்டும், வண்டி இல்லாமல் முடியாது. புதுசு வாங்க வழியில்லை. அப்பா ஓய்வுபெற்றபோது வந்ததை அப்படியே கொண்டுபோய் அந்தப் பழைய கார் கடைக்காரர் மேஜையில் வைத்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார், வார்த்தைக்கு வார்த்தை சார் என்றார். அக்கா அன்றைக்கே அவருக்குச் சர்க்கரை என்று பேர் வைத்துவிட்டாள். உனக்குச் சொல்லாத சேதி இனிமேல்தான். முதல் வாரமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரியத் தொடங்கியது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. அது பிரேக்குக்கான விளக்கு, கடையில் கேளுங்கள் என்றார் பின்தெரு மெக்கானிக். அப்பா கடைக்குப் போய்ச் சண்டை போட்டாராம். அவர் சண்டை உனக்குத் தெரியும், தொண்டையைக் கனைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். சர்க்கரை கோபப்படவே இல்லை. எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். எங்க வண்டி சார், எங்க பொறுப்பு, நீங்க வீட்ல நிம்மதியா இருங்க என்று ஆளை அனுப்பி வண்டியை எடுத்துப்போனார். இரண்டாம் நாள் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, கண்ணாடியில் வாசனை அட்டை ஒன்று தொங்கவிட்டு. விளக்கு எரியவில்லை. குறை தீர்ந்தது, இனிப் புகார் இல்லை என்று ஒரு தாளை நீட்டினார்கள். அப்பா பானெட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பார்த்தியா, மரியாதையா பேசினா காரியம் தானா நடக்கும் என்று எனக்கு ஒரு பாடம் வேறு.

நான் முன்சீட்டில் உட்காருகிறவள். எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால் பார்த்துக்கொண்டே வருவேன். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருதரம் எரியும், பிறகு ஒவ்வொன்றாக அணையும், வகுப்பில் பிள்ளைகள் எழுந்து ஆஜர் சொல்லிவிட்டு உட்காருவது மாதிரி. வண்டி திரும்பி வந்த பிறகும் எல்லாம் எரிந்தன. அந்தச் சிவப்பு மட்டும் எரியவில்லை. எரிந்து அணையவில்லை. எரியவே இல்லை. இந்த வித்தியாசத்தை உன் அப்பாவுக்குப் புரிய வைக்க முடியுமா சொல். எரிஞ்சாலும் குத்தம், எரியலைன்னாலும் குத்தமா என்றார். அம்மாவுக்குப் பேய் பார்க்க வீட்ல இடம் பத்தலை, இப்ப கார்லயும் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க என்றாள் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் மலைப்பாதையில் தனியாக இறங்குவதைப் பார்த்தேன், கண்ணைத் திறந்தபடியே.

அப்பா வெளியே போயிருந்தபோது மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் அந்த விளக்குப் பலகையைக் கழற்றித் திருப்பினார். சிவப்பு விளக்குக்கு முன்னால் நகத்தளவு கறுப்பு டேப். கோணல் இல்லாமல் வெட்டி ஒட்டியிருந்தது. அவசரப்படாத கை. டேப்பை உரித்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை நாளும் உள்ளே அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் அதற்கு எதிரே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறோம்.

பிறகு அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். பிரேக் எண்ணெய் போகிற குழாய் துருப்பிடிச்சுக் கசியுது, நாளைக்கே விட்டுடலாம், ஆறு மாசம் தாங்கவும் தாங்கலாம், அதை யாரும் சொல்ல முடியாது, நிப்பாட்டி வைங்கம்மா என்றார். நீங்களே சரி பண்ணிக் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். நட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைத்திருக்கிறார்களாம், ஒரு புள்ளி கலைந்தாலும் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று கடைக்காரர் கைகழுவிவிடுவாராம். அப்பா வந்ததும் டேப்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை விரலில் ஒட்டுவதும் உரிப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா அன்று முழுக்க யாரையும் கேலி செய்யவில்லை. பஸ்ல போய்க்கறேம்ப்பா, அந்தச் சனியனைத் திருப்பிக் குடுத்துடுங்க என்றாள். அவள் இனி அதில் ஏறமாட்டாள். அந்த மட்டுக்கும் நிம்மதி.

அப்பா போன் போட்டார், ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எந்த டேப் என்றுகூடச் சர்க்கரை கேட்கவில்லை. தாராளமா திருப்பிக் குடுங்க சார், முழுப் பணமும் தரேன் என்றார். நான் மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் மீதியைச் சொன்னார். சனிக்கிழமை மதியத்துக்குள் வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வரக் கூடாது, லாரியில் ஏற்றி வரக் கூடாது. ஓடும் நிலையில குடுத்தோம், ஓடும் நிலையிலதான் வாங்குவோம், நீங்களே ஓட்டிட்டு வாங்க. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றார். இருக்கிறது, கடைசி வரியில். நடுவில் யாருக்கோ டீ கொடுக்கச் சொன்னார். பிறகு, பார்த்து வாங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டார். பார்த்து வாங்க. இரண்டு நாளாக அந்த வார்த்தை இந்த வீட்டில் அறை அறையாக நடமாடுகிறது.

எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம், உங்க பொண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போறப்ப தீர்ப்பு வந்துடும் என்றார். அவர் மட்டும்தான் சிரித்தார். அப்பா முடிவு செய்துவிட்டார். முதல் கியரை விட்டு மாறமாட்டாராம், கை பிரேக் இருக்கிறதாம், விடியற்காலையில் ரோடு காலியாக இருக்குமாம். கடைக்கு ஒரே வழிதான். நம் தெரு முடிந்ததும் அந்த நீள இறக்கம், அதன் அடியில் ரயில்வே கேட். நீ சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு இறங்கி என்னிடம் அடி வாங்கினாயே, அதே இறக்கம். சாயங்காலத்தில் அவர் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். எஞ்சின் போடுவதில்லை. பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கிறார், உதடு அசைகிறது. மாடி ஜன்னலில் நின்று நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. பணம் போனால் போகட்டும் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டேன். அது பணம் இல்லடி, முப்பது வருஷம் என்றார். நானும் வருகிறேன் என்றேன். நீ எதுக்கு என்று அதட்டினார். கை பிரேக் நடுவில்தானே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா என்றேன். சரி, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கோ என்றார்.

நாளை சனிக்கிழமை. அக்கா எழுவதற்கு முன்னால் கிளம்புகிறோம், அவளிடம் சொல்லவில்லை. அவளோடு வாரத்துக்கு ஒருதரமாவது பேசு. அவள் கேலி செய்தால் நீயும் செய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பீரோ சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் மோட்டார் சுவிட்சை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும், அது அவளுக்குத் தெரியாது, சொல்லிக் கொடு. வேளைக்குச் சாப்பிடு. நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் நீண்ட ஆயுளுமாக நீ இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் அவரைக் கேட்காமலேயே சேர்த்து எழுதுகிறேன். படித்து முடித்ததும் கூப்பிடு. யாராவது எடுப்போம்.

இறக்கம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, நானே இறங்கிப் போய் இதைப் போடுவேன். கடிதம் உன் கைக்கு வந்துவிட்டால், அந்த இடம் வரைக்கும் பிரேக் பிடித்தது என்று தெரிந்துகொள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா